இந்தோனேசிய பேட்மிண்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் பேட்மிண்டன் பதக்கக் கணக்கு என்ன?

2024 பாரிஸ் வரை 8 தங்கம், 6 வெள்ளி, 8 வெண்கலம். மொத்தம் 22.

தங்கம் வென்றவர்கள்: 1992 பார்சிலோனாவில் சூசி சுசாந்தி, ஆலன் புடிகுசுமா. 1996 அட்லாண்டாவில் ரெக்ஸி மைனாக்கி – ரிக்கி சுபக்ஜா. 2000 சிட்னியில் தோனி குணவான் – சந்திரா விஜயா. 2004 ஏதென்ஸில் தவ்ஃபிக் ஹிதாயத். 2008 பெய்ஜிங்கில் மார்கிஸ் கிடோ – ஹெந்திரா செதியவான். 2016 ரியோவில் தொந்தோவி அஹமத் – லிலியானா நட்சிர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் க்ரேசியா போலி – அப்ரியானி ரஹாயு.

டோக்கியோ தங்கத்தோடு ஐந்து பிரிவிலும் (ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர்) ஒலிம்பிக் தங்கம் வென்ற இரண்டாவது நாடு ஆனது இந்தோனேசியா. முதல் நாடு சீனா. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாரிஸுக்கு முன்பு இந்தோனேசியா எந்த விளையாட்டிலுமே வேறு ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. பாரிஸில்தான் சுவரேறும் போட்டியிலும் பளுதூக்குதலிலும் தங்கம் வந்தது. அதே பாரிஸில் பேட்மிண்டனுக்குக் கிடைத்தது க்ரெகோரியா மரிஸ்கா துஞ்சுங்கின் ஒரே ஒரு வெண்கலம்.

இந்தக் கணக்கும் உலகப் பட்டக் கணக்குகளும் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்?

பெரும்பாலும் நான்கு இடங்களில்தான் பிழை நேர்கிறது.

முதலாவது, 1972 மியூனிக். அங்கே பேட்மிண்டன் காட்சி விளையாட்டு மட்டுமே. ஆண்கள் ஒற்றையரில் ருடி ஹார்த்தோனோவும், இரட்டையரில் ஆடே சந்திரா – கிறிஸ்டியன் ஹடிநாதாவும் வென்றார்கள். ஆனால் அவை பதக்கப் பட்டியலில் சேராது. 

இரண்டாவது, மியா ஔதினா. 1996-ல் அவர் வென்ற வெள்ளி இந்தோனேசியாவுடையது; 2004-ல் வென்ற வெள்ளி நெதர்லாந்துடையது. இரண்டையும் ஒரே நாட்டில் போட்டால் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும்.

மூன்றாவது, தோனி குணவான். 2001-ல் ஹலீம் ஹர்யாந்தோவோடு இந்தோனேசியாவுக்காக உலக சாம்பியன் ஆனவர், 2005-ல் ஹோவர்ட் பாக்குடன் அமெரிக்காவுக்காக மறுபடி உலக சாம்பியன் ஆனார். அந்த இறுதிப் போட்டியில் அவர் தோற்கடித்தது சந்திரா விஜயா – சிகித் புதியார்த்தோ ஜோடியை. சிட்னியில் தன்னோடு சேர்ந்து தங்கம் வென்ற அதே சந்திராவை!

நான்காவது, ஆண்டு. கொரோனாவால் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக், தாமஸ் கோப்பை (ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி) இரண்டுக்கும் பெயர் 2020, ஆடியது 2021. பட்டியல் போடுபவர் ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றினால் போதும்.

பார்சிலோனா 1992-க்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பேட்மிண்டன் முழுப் பதக்க விளையாட்டாக ஒலிம்பிக்கில் நுழைந்தது அங்கேதான். இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கமும் அங்கேதான், அதுவும் ஒரே நாளில் இரண்டு: ஆகஸ்ட் 4. 

பெண்கள் இறுதியில் தென்கொரியாவின் பாங் சூ-ஹ்யுனிடம் முதல் கேமை 5-11 என்று இழந்தார் சூசி. அடுத்த இரண்டையும் 11-5, 11-3 என்று எடுத்தார். ஆண்கள் ஒற்றையரில் கொடுக்கப்பட்ட நான்கு பதக்கங்களில் மூன்று இந்தோனேசியாவுக்கு: ஆலனுக்குத் தங்கம், ஆர்டி விரநாதாவுக்கு வெள்ளி, ஹெர்மாவன் சுசாந்தோவுக்கு ஒரு வெண்கலம் (அந்த ஆண்டு அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் கொடுத்தார்கள்). இரட்டையரில் எடி ஹார்த்தோனோ – ரூடி குணவான் வெள்ளி வென்றனர். சூசியும் ஆலனும் பின்னாளில் திருமணம் செய்துகொண்டார்கள். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தீபம் ஏற்றியவர் சூசி.

5-11, 18-13 போன்ற பழைய ஸ்கோர்களைப் படிப்பது எப்படி?

2006-க்கு முன்பு சர்வீஸ் வைத்திருப்பவருக்கு மட்டுமே புள்ளி. பெண்கள் ஒற்றையர் 11 வரை, மற்றதெல்லாம் 15 வரை. 13-13 என்று சமன் ஆனால், 13-ஐ முதலில் தொட்டவர் இன்னும் 5 புள்ளிக்கு ஆட்டத்தை நீட்டலாம். ஆலன் பார்சிலோனா இறுதியை 15-12, 18-13 என்று வென்றார். இரண்டாவது கேம் 13-13-ல் நீட்டப்பட்டு, அந்த ஐந்து புள்ளிகளும் ஆலனுக்கே போயிருக்கின்றன என்பதை ஸ்கோரை வைத்தே சொல்லிவிடலாம். 2006 முதல் யார் சர்வீஸ் போட்டாலும் புள்ளி உண்டு, 21 வரை. அதனால் பழைய 11-0-ஐயும் இன்றைய 21-10-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தாமஸ் கோப்பையை எத்தனை முறை வென்றார்கள்?

14 முறை. வேறு எந்த நாடும் இத்தனை முறை வென்றதில்லை. 1958, 1961, 1964, 1970, 1973, 1976, 1979, 1984, பிறகு 1994 முதல் 2002 வரை தொடர்ச்சியாக ஐந்து, கடைசியாக 2020.

1958-ல் முதல்முறை கலந்துகொண்டபோதே, அதுவரை நடந்த மூன்று கோப்பைகளையும் வென்றிருந்த மலாயாவை சிங்கப்பூரில் 6-3 என்று சாய்த்தார்கள். தான் ஜோ ஹோக்கும் ஃபெர்ரி சோனவிலும் அந்த அணியின் தூண்கள். மறு ஆண்டு, அன்றைய உலகின் தலையாய போட்டியான ஆல் இங்கிலாந்தின் இறுதியில் இவர்கள் இருவருமே மோத, தான் ஜோ ஹோக் வென்று அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தோனேசியர் ஆனார்.

1967 வருத்தமான கதை. ஜகார்த்தாவில் இறுதி. மலேசியா 4-3 என்று முன்னிலை. பார்வையாளர்களின் தொந்தரவு எல்லை மீறியதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மீதியை நியூசிலாந்தில் ஆடச் சொன்னது சர்வதேசக் கூட்டமைப்பு, இந்தோனேசியா மறுத்தது. கோப்பை 6-3 என்ற கணக்கில் மலேசியாவுக்குப் போனது. 17 வயது ருடி ஹார்த்தோனோ அந்த இறுதியில் தன் ஒற்றையர் ஆட்டங்களை வென்றிருந்தார் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

2021 அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் சீனாவை 3-0 என்று வீழ்த்தியபோது 19 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஆனால் பரிசளிப்பில் ஏறியது நாட்டின் செவ்வெள்ளைக் கொடி அல்ல, பேட்மிண்டன் சங்கத்தின் கொடி. ஊக்கமருந்துச் சோதனை விதிகளை நாட்டின் அமைப்பு சரிவரப் பின்பற்றவில்லை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை விதித்திருந்த தடையே காரணம். வீரர்கள் செய்த தவறு அதில் எதுவுமில்லை.

அடுத்த ஆண்டு பாங்காக்கில் இந்தியா இவர்களை 3-0 என்று வென்று முதல்முறை கோப்பையைத் தூக்கியது. லக்ஷ்ய சென், சாத்விக் – சிராக், ஸ்ரீகாந்த் மூவரும் அடுத்தடுத்து முடித்தார்கள். 2024 செங்டு இறுதியில் சீனாவிடம் 1-3.

உபேர் கோப்பை, சுதிர்மான் கோப்பை?

பெண்கள் அணிகளுக்கான உபேர் கோப்பை மூன்று: 1975, 1994, 1996. இதில் 1994 ஜகார்த்தா இறுதி 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டத்தை ஆட வந்தது 14 வயது மியா ஔதினா. எதிரே சீனாவின் ஜாங் நிங். மியா வென்றார். பத்து ஆண்டு கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அதே இருவர் மோத, அன்று தங்கம் ஜாங் நிங்குக்கு.

ஆண், பெண் கலந்த அணிகளுக்கான சுதிர்மான் கோப்பை ஒன்றே ஒன்று: 1989, ஜகார்த்தா, முதல் போட்டி. தென்கொரியாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் முதல் கேமை இழந்திருந்த சூசி, தோல்வியின் விளிம்பிலிருந்து 10-12, 12-10, 11-0 என்று திரும்பினார். பிறகு இரண்டு ஆட்டங்களும் வந்தன, 3-2. அந்தக் கோப்பையின் பெயரே இந்தோனேசிய பேட்மிண்டன் சங்கத்தை உருவாக்கிய டிக் சுதிர்மானின் பெயர்தான். சங்கம் 1951 மே 5-ல் பாண்டுங்கில் தொடங்கப்பட்டது. ஆனாலும் 1989-க்குப் பிறகு அந்தக் கோப்பை வீடு திரும்பவில்லை. ஐந்து பிரிவும் சேர்ந்து ஆடும் போட்டி அது. பெண்கள் ஒற்றையர் பலவீனமாக இருந்த நீண்ட காலம் இவர்களை அங்கேதான் அதிகம் வதைத்தது.

ருடி ஹார்த்தோனோவின் 8 ஆல் இங்கிலாந்து பட்டங்கள் உலக சாம்பியன் பட்டத்துக்குச் சமமா?

கிட்டத்தட்ட ஆமாம். உலக சாம்பியன்ஷிப் 1977-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் ஆல் இங்கிலாந்தில் வென்றவரையே உலகின் முதல்வர் என்று எல்லோரும் ஏற்றார்கள். சுராபாயாவில் பிறந்த ருடி, 18 வயதில் 1968-ல் முதல் பட்டம் வென்றார். 1974 வரை தொடர்ந்து ஏழு. 1975 இறுதியில் டென்மார்க்கின் ஸ்வென் ப்ரியிடம் தோல்வி. 1976-ல் எட்டாவது. 1980-ல் உலக சாம்பியன்ஷிப் ஜகார்த்தாவுக்கு வந்தபோது 30 வயதில் இறுதியில் லீம் ஸ்வீ கிங்கை வென்று, இருந்த ஒரே குறையையும் தீர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு ஐந்து உலகப் பட்டங்களில் நான்கு இந்தோனேசியாவுக்கு.

லீம் ஸ்வீ கிங்குக்கு மூன்று ஆல் இங்கிலாந்து பட்டங்கள் உண்டு. குதித்து மேலேறி அடிக்கும் ஸ்மாஷுக்கு இந்தோனேசியாவில் 'கிங் ஸ்மாஷ்' என்று அவர் பெயரே வந்தது.

இவர்கள் இரட்டையரில் மட்டும் எப்படி இவ்வளவு வலிமை?

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆண்கள் இரட்டையரில் 1974 முதல் 1980 வரை ஆறு ஆல் இங்கிலாந்து வென்ற சுன் சுன் – ஜோஹான் வாஹ்யூடியில் தொடங்கி, ரெக்ஸி – ரிக்கி, சந்திரா – தோனி, கிடோ – ஹெந்திரா, அஹ்சான் – ஹெந்திரா, கெவின் – மார்கஸ், ஃபஜார் – ரியான் என்று சங்கிலி அறுந்ததே இல்லை.

காரணம் உடல்வாகு அல்ல. கெவின் சஞ்சயா சுகமுல்ஜோ சுமார் 170 செ.மீ., மார்கஸ் கிதியோன் அதைவிடச் சற்றுக் குட்டை. டென்மார்க், சீன ஜோடிகளுக்கு முன் சிறுவர்கள் போல நின்றார்கள். வேறுபாடு முன்வரிசையில் இருக்கிறது. மற்ற நாடுகளில் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பவரே நாயகன். இந்தோனேசியாவில் நெட் அருகே நிற்பவர்தான் ஆட்டத்தை நடத்துகிறார்.

கெவினின் ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கைப்பிடியை நுனியில் பிடிக்காமல் இரண்டு விரல் அளவு மேலே ஏற்றிப் பிடிக்கிறார். ராக்கெட்டின் தலை எப்போதும் நெட்டின் மேல்நாடாவை விட உயரத்தில். அடித்து முடித்ததும் கை கீழே தொங்குவதே இல்லை. ஷட்டில் நாடாவுக்குக் கீழே இறங்குமுன் தொட்டுவிடுகிறார். அதனால் எதிராளி ஒவ்வொரு முறையும் மேல்நோக்கித் தூக்கியே ஆக வேண்டும். பின்னால் இருக்கும் மார்கஸுக்கு ஸ்மாஷ் தானாகக் கிடைக்கிறது.

கிளப்பில் இதைப் பின்பற்ற முயல்பவர்கள் செய்யும் பிழை, நெட்டுக்கு மிக அருகே போய் நிற்பது. நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கும் குறு சர்வீஸ் கோட்டை ஒட்டி, அரை அடி பின்னால் நிற்க வேண்டும். இன்னும் முன்னால் போனால் தட்டையாக வரும் டிரைவ் தோளைத் தாண்டிப் போய்விடும், திரும்ப நேரமிருக்காது. இரண்டாவது பிழை, பெரிதாக வீசுவது. முன்வரிசை அடிக்குப் பின்வீச்சே தேவையில்லை. விரல்களை இறுக்குவது மட்டும்தான் அடி. அடிக்கும் வரை பிடி தளர்வாக இருக்க வேண்டும். முன்கூட்டியே இறுக்கிவிட்டால் ஷட்டில் நெட்டில் மாட்டும் அல்லது வெளியே பறக்கும்.

பயிற்சிக்கு ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று 20 ஷட்டிலைக் கையில் அடுக்கி, மார்பு உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் தட்டிக் கொடுக்கட்டும். அடிப்பவர் கால் நகர்த்தலாம், ராக்கெட்டைத் தோளுக்குக் கீழே இறக்கக் கூடாது. 20 முடிந்ததும் ஒரு நிமிட ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. வேகம் கூடும்போது முதலில் கெடுவது பிடிதான். அது தெரிந்தவுடன் வேகத்தைக் குறையுங்கள்.

கெவின் – மார்கஸ் உலக சாம்பியன் ஆகாதது உண்மையா?

உண்மை. 'மினியன்ஸ்' என்று ரசிகர்கள் கொண்டாடிய இந்த ஜோடி 2017, 2018 ஆல் இங்கிலாந்து, 2018 ஆசிய விளையாட்டுத் தங்கம் எல்லாம் வென்றது. 2022 வரை ஆண்டுக்கணக்கில் உலகத் தரவரிசையில் முதலிடம். ஆனால் உலக சாம்பியன்ஷிப்பிலோ ஒலிம்பிக்கிலோ பதக்கம் இல்லை. டோக்கியோவில் காலிறுதியில் மலேசியாவின் ஆரோன் சியா – சோ வூய் யிக்கிடம் தோற்றார்கள். வேகத்தையே நம்பிய ஆட்டம். எதிராளி வேகத்தை வாங்கிக்கொண்டு தடுக்கக் கற்றுக்கொண்டால் மாற்று வழி குறைவு என்பது எங்கள் கணிப்பு.

அதே காலத்தில் 'டாடீஸ்' என்று அழைக்கப்பட்ட அஹ்சான் – ஹெந்திரா நிதானத்தை வைத்தே 2013, 2015, 2019 என மூன்று உலகப் பட்டம் எடுத்தார்கள். 2007-ல் கிடோவோடு வென்றதையும் சேர்த்தால் ஹெந்திராவுக்கு நான்கு. ஓங்கி அடிக்கும் ஸ்மாஷை முகம் மாறாமல் நெட்டுக்கு மேல் மெல்லத் திருப்பிப்போடும் ஹெந்திராவின் கையை, இரட்டையர் கற்பவர்கள் மணிக்கணக்கில் பார்க்கலாம்.

தவ்ஃபிக்கின் பின்கை (பேக்ஹேண்ட்) அடியில் என்ன விசேஷம்?

பலருக்குப் பின்கை என்பது தப்பிக்கும் அடி. தவ்ஃபிக் பின்மூலையில் இருந்து பின்கையாலேயே ஸ்மாஷ் அடித்தார். கற்பவர்கள் சறுக்குவது கட்டைவிரலில்: கைப்பிடியின் அகலமான தட்டைப் பக்கத்தில் வைத்தால் நெட் அருகே வசதி, ஆனால் உடலுக்குப் பின்னால் போன ஷட்டிலுக்கு ராக்கெட் முகம் திரும்பாது. கட்டைவிரலைப் பக்கத்திலுள்ள சாய்ந்த விளிம்புக்கு நகர்த்துங்கள். முழங்கை முதலில் மேலே, முன்கை சுழற்சி கடைசியில்.

ஏதென்ஸ் இறுதியில் தென்கொரியாவின் ஷோன் சுங்-மோவை 15-8, 15-7 என்று வென்றார். முதல் நிலை வீரரான சீனாவின் லின் டான் அங்கே முதல் ஆட்டத்திலேயே வெளியேறியிருந்தார். வெளியேற்றியவர் சிங்கப்பூருக்காக ஆடிய, இந்தோனேசியாவில் பிறந்த ரொனால்ட் சுசிலோ. மறு ஆண்டு அனஹைமில் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் தவ்ஃபிக் நேரடியாகவே லின் டானை 15-3, 15-7 என்று வென்றதால், 'அதிர்ஷ்டத் தங்கம்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

2012 லண்டனில் என்ன ஆனது?

பெண்கள் இரட்டையரில் சீனாவின் ஒரு ஜோடி, தென்கொரியாவின் இரண்டு, இந்தோனேசியாவின் க்ரேசியா போலி – மெய்லியானா ஜௌஹாரி என நான்கு ஜோடிகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. குழுச் சுற்றில் தோற்றால் காலிறுதியில் சுலபமான எதிராளி கிடைப்பார் என்று வேண்டுமென்றே நெட்டில் அடித்தார்கள். பேட்மிண்டனில் ஒரு பதக்கமும் இல்லாமல் இந்தோனேசியா திரும்பியது அந்த ஒலிம்பிக்கில் மட்டும்தான். பின்னர் குழுவில் இரண்டாம் இடம் பெறுபவர்களைக் குலுக்கலில் சேர்க்கும்படி விதி மாறியது.

அதே க்ரேசியா ஒன்பது ஆண்டு கழித்து, ஏறக்குறைய 34 வயதில், தரநிலை இல்லாத ஜோடியாக டோக்கியோவில் சீனாவின் சென் சிங்சென் – ஜியா யிஃபானை 21-19, 21-15 என்று வென்றார். இறுதியில் ஒரு நீண்ட ரேலியின் நடுவே அவர் ராக்கெட் நரம்பு அறுந்தது. ஓரத்துக்கு ஓடி வேறு ராக்கெட்டை உருவிக்கொண்டு திரும்பும் வரை அப்ரியானி தனியாகக் களத்தைக் காத்தார். ரேலி முடியும் வரை ஆட்டம் நிற்காது என்பதால்தான் பையைத் திறந்தே வைத்திருப்பது இரட்டையரில் வழக்கம்.

வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

கிளப்புகளிலிருந்து. மத்திய ஜாவாவின் குடுஸ் நகரிலுள்ள ஜாரும், ஜகார்த்தாவின் ஜெயா ராயா இரண்டும் பெரியவை. லீம் ஸ்வீ கிங், ஆலன், அஹ்சான், தொந்தோவி, கெவின் எல்லோரும் ஜாரும். சூசி, கிடோ, ஹெந்திரா, க்ரேசியா, அப்ரியானி ஜெயா ராயா. சிறுவயதில் தேர்வுப் போட்டி, விடுதி, பள்ளியோடு பயிற்சி, தேசிய வயதுப் பிரிவுகள், பிறகு கிழக்கு ஜகார்த்தாவின் சிபாயுங் தேசிய முகாம். முகாமில் இளம் ஜோடி தினமும் மோதுவது உலகின் முன்னணி ஜோடிகளோடு. வெளிநாட்டுப் போட்டியில் கிடைக்காத பாடம் அது.

சீன வம்சாவளி வீரர்கள் குடியுரிமைச் சிக்கலைச் சந்தித்தார்களா?

ஆம், அது பேசப்பட வேண்டிய விஷயம். ருடி ஹார்த்தோனோவின் பிறப்புப் பெயர் நியோ ஹாப் லியாங். 1960-களில் பெயரை மாற்றிக்கொள்ளும் அழுத்தம் இருந்தது. அதன்பின்னும் குடியுரிமைச் சான்று தனியாகக் கேட்கப்பட்டது. 2001 ஆண்கள் ஒற்றையர் உலக சாம்பியன் ஹெந்திராவானுக்கே 2002-ல்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

பெரிய இழப்பு, பயிற்சியாளர் தோங் சின் ஃபூ. சுமத்ராவின் லாம்புங்கில் பிறந்து, சீனாவுக்குப் போய் ஆடி, 1980-களில் திரும்பி வந்து ஆலன் தலைமுறையை உருவாக்கியவர். குடியுரிமை மறுக்கப்பட்டதால் 1998-ல் சீனாவுக்கே போனார். அங்கே அவர் கையில் வளர்ந்தவர் லின் டான்.

இந்தோனேசியப் பயிற்சியாளர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்களா?

நிறையவே. தவ்ஃபிக்கை வளர்த்த முல்யோ ஹந்தோயோ 2017-ல் இந்திய அணியோடு இருந்தார்; ஸ்ரீகாந்த் நான்கு சூப்பர் சீரிஸ் பட்டம் வென்ற ஆண்டு அது, அதில் ஒன்று ஜகார்த்தாவிலேயே. ரெக்ஸி மைனாக்கி மலேசியாவின் இரட்டையர் பயிற்சிக்குத் தலைமை ஏற்றார். மலேசியத் தமிழ்ப் பெண் தீனா முரளிதரன் – பேர்லி டான் ஜோடி உலகத் தரத்துக்கு உயர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

ஆங்கில எழுத்தைப் பார்த்து 'காண்ட்ரா' என்று சொல்லாதீர்கள், அது சந்திரா. இந்தோனேசிய எழுத்துமுறையில் 'க' போலத் தோன்றும் C என்ற எழுத்துக்கு 'ச' ஒலி. இகுக் அல்ல, இச்சுக் சுகியார்த்தோ. 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பெயர்களில் 'ட்ஜ' போலத் தெரியும் Tj, Dj எல்லாம் வெறும் 'ச' அல்லது 'ஜ': சுன் சுன், ஜாரும். சந்திரா, விஜயா, குணவான், சஞ்சயா எல்லாம் சமஸ்கிருதம் வழி வந்தவை. நமக்கு வாயில் இயல்பாக வரும். விளையாட்டின் பெயர் 'புலு தங்கிஸ்': புலு என்றால் இறகு, தங்கிஸ் என்றால் தடுத்துத் திருப்புவது.

ஜகார்த்தாவில் நேரில் பார்க்க விரும்பினால்?

இஸ்தோரா செனாயான் அரங்கம். 1961 தாமஸ் கோப்பைக்காகத் திறக்கப்பட்டது. பல ஆண்டுகளாக இந்தோனேசியா ஓப்பன் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சுமார் 7,000 பேர் கொள்ளும், ஆனால் சத்தம் அதைவிடப் பெரிது. தங்கள் ஜோடி தொடும் ஒவ்வொரு அடிக்கும் அரங்கம் முழுதும் 'ஏயா!' என்று கத்தும். எதிராளி அடித்தால் 'ஹூ!'. ரேலி நீள நீள இரண்டு குரலும் மாறி மாறி வேகமெடுக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் ஷட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காதாலேயே தெரிந்துவிடும்.